தறியை நிறுத்தாமல் நிறுத்திய விளக்கு

என் அக்கா வீட்டுக்காரர் எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். தர்பூசணியை எல்லோரும்தான் தூக்கிப் பார்ப்பார்கள். அவர் குக்கரைத் தூக்கிப் பார்ப்பார், பூட்டைத் தூக்கிப் பார்ப்பார், செருப்புக் கடையில் ஒற்றைச் செருப்பை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கனத்தால் நல்ல சரக்கு, கனக்காவிட்டால் டூப்ளிகேட். என் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவை வண்டியில் ஏற்றும்போது நாலு பேர் மூச்சு வாங்கியதைப் பார்த்து அவருக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் அக்கா சொல்லிக் காட்டுவாள்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை அம்மிணி என்பார். அவருக்கும் அக்காவுக்கும் குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறை. தறி ஓட்டுவது, ஆள் பார்ப்பது எல்லாம் அக்கா. நூல் வாங்குவது, துணி கொண்டுபோய்க் கொடுப்பது, ஊரெல்லாம் பேசுவது மாமா.

நான் மின்னணுவியல் படித்தவள். கணவருக்கு ரயில்வேயில் வேலை, அதனால் சேலத்தில் சூரமங்கலம் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். நான் வேலைக்குப் போவது ஊரின் இன்னொரு கோடியில், அயோத்தியாப்பட்டணம் தாண்டி. லாரி எடைமேடைகளுக்கு எண்கள் காட்டும் பலகை செய்கிற சின்னக் கம்பெனி. அதில் சர்க்யூட் வடிவமைப்பது என் பொறுப்பு. சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எடைமேடை என்பது உலகத்திலேயே அவசரமில்லாத இயந்திரம். லாரி ஏறி நிற்கும். டிரைவர் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். அதற்குள் எண் வந்தால் போதும். எந்த டிரான்சிஸ்டரைப் போட்டாலும் அந்த வேலையைச் செய்துவிடும்.

அப்படியிருந்தவளுக்குத்தான் மாமாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மிணி, ஒரு தறி என்னையப் பாத்துச் சிரிக்குது."

"என்னங்க மாமா ஆச்சு?"

"கண்ணு முன்னாடியே தப்புப் பண்ணுது. என்ன தப்புன்னு தெரிய மாட்டேங்குது."

அது ரேப்பியர் தறி. பழைய தறி மாதிரி அதில் நூலைச் சுமக்கிற நாடாக்கட்டை குறுக்கே பறக்காது. இடது பக்கத்திலிருந்து உலோகக் கை ஒன்று, குறுக்கே போக வேண்டிய ஊடை நூலின் நுனியைக் கவ்விக்கொண்டு நடுவுக்கு ஓடிவரும். வலது பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து அதை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். நூல் கைமாறுகிற அந்த இடத்தில்தான் கோளாறு. எல்லாத் தறியும் ஒழுங்காகக் கொடுத்து வாங்க, இந்த ஒரு தறியில் மட்டும் வலது கை அவ்வப்போது வெறுங்கையோடு திரும்பியது. துணியில் அந்த இடத்தில் கோடு விழும். மெக்கானிக் ஸ்பிரிங்கை மாற்றினார், கவ்வியை மாற்றினார், கடைசியில் மின்சாரத்தைக் குறை சொல்லிவிட்டுப் போனார்.

"போன்ல ஸ்லோமோஷன் எடுத்துப் பாத்தீங்களா?"

"எடுத்தேன். சினிமாச் சண்டை மாதிரி ரெண்டு கையும் வருது போகுது. நூலு மட்டும் காணோம்."

நான் அவருக்கு ஸ்ட்ரோப் விளக்கைப் பற்றிச் சொன்னேன். தறி ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம், அதே இடத்துக்கு வருகிற அந்தக் கணத்தில் மட்டும், ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்து அணையும். மற்ற நேரமெல்லாம் இருட்டு. அதனால் கண்ணுக்குத் தறி அந்த இடத்திலேயே நிற்கிற மாதிரி தெரியும்.

"நின்ன மாதிரி தெரியறதுக்கு எதுக்கு வெளக்கு? நிறுத்திப் போட்டே பாக்கலாமே?"

"நிறுத்துனா தப்பு நடக்காதேங்க மாமா. ஓடறப்பத்தானே நடக்குது?"

"அதுஞ்சரி," என்றார்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அது கடையிலயே விக்குதாமே, வாங்கிப் போடுங்களேன்!"

"வேண்டாங்க, நானே செஞ்சு தர்றேன்," என்று என் வாய் சொல்லிவிட்டது. எடைமேடையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வாய் அது.

விளக்கு எரிவது பெரிய காரியமில்லை. பளிச்சென்று எரிகிற எல்.இ.டி. எங்கேயும் கிடைக்கும். சிரமமெல்லாம் அணைவதில்தான். எரிந்த விளக்கு அந்த நொடித்துணுக்குக்குள் முழுசாக அணைந்தாக வேண்டும். கொஞ்சம் இழுத்தாலும் போதும், அதற்குள் தறியின் கை நகர்ந்துவிடும், படம் கலங்கிவிடும். எரியவிட்டு அணைக்கிற அந்த வேலையைச் செய்வது ஒரு டிரான்சிஸ்டர். ஆக, எனக்கு வேண்டியது வேகமான டிரான்சிஸ்டர்.

சனிக்கிழமை மாமா சேலத்துக்கே வந்துவிட்டார். தன் தறிக்கு வேண்டிய சாமானைத் தானே பார்த்து வாங்க வேண்டும் என்று பிடிவாதம். பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் நான் வழக்கமாகப் போகிற உதிரிபாகக் கடை இருக்கிறது. கடைக்கார பாய் தலைக்கு மேலே வரைக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி, அதற்கு நடுவில் உட்கார்ந்திருப்பார்.

"வாம்மா. என்ன வேணும்?"

நான் சொன்னேன். அவர் ஒரு டப்பாவைத் திறந்து, மூன்று கால் வைத்த ஒரு கறுப்புப் பொருளை எடுத்து வைத்தார். மாமா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"அம்மிணி, இது தவுட்டு எடைதானே இருக்குது? நம்ம தறி என்ன பொம்மைத் தறியா?"

"இதுக்கும் தறிக்கும் சம்பந்தமில்லீங்க மாமா. இது வெளக்கை மட்டுந்தான்..."

அவர் கேட்கவில்லை. கண்ணாடி அலமாரியில், வட்டமான உலோகத் தொப்பி போட்டு, கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏனுங்க பாய், அதென்னங்க?"

"அதுவும் டிரான்சிஸ்டர்தாங்க. பழைய காலத்து ஐட்டம். ஆம்ப்ளிபயர்ல போடுவாங்க."

மாமா அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. லாரி பேரிங்கைப் பிடித்த மாதிரி கனமாக இருக்கிறது என்றார். பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன்.

"அது மெதுவாத்தான் வேலை செய்யுங்க," என்றார் பாய்.

"மெதுவாச் செஞ்சாலும் உறுதியாச் செய்யும்."

சரி, இரண்டையும் வாங்கிக்கொள்வோம், இரண்டையும் செய்து பார்ப்போம் என்று முடிவாயிற்று. ஜெயிப்பது நான்தான் என்று எனக்கு முழு நம்பிக்கை இருந்ததால் தாராளமாகச் சம்மதித்தேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோல்டரிங் புகைதான். இரண்டு பலகைகள் செய்தேன். ஒன்றில் மாமாவின் குண்டு டிரான்சிஸ்டர். மற்றதில் நான் எடுத்த கறுப்பு டிரான்சிஸ்டர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அக்காவும் குவார்ட்டர்ஸுக்கு விருந்தாளியாக, எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒறம்பரையாக, வந்தார்கள். ஜன்னல்களில் போர்வையைக் கட்டி ஹாலை இருட்டாக்கினோம். மேசை விசிறியின் ஓர் இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை நூலை ஒட்டியிருந்தேன். விசிறி ஓடும்போது அந்த நூல் நூலாகத் தெரிந்தால் விளக்கு தேறிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் மாமாவின் விளக்கு. விசிறி நின்றது போலத் தெரிந்தது. மாமா தொடையில் தட்டினார். ஆனால் இறக்கையில் நூலைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளை நாடா மாதிரி பட்டையாக ஒன்று, ஒரு பக்கம் வால் விட்டுக்கொண்டு இருந்தது.

"நூலு துணியாயிருச்சு," என்றார் என் கணவர். "தறியே தேவையில்ல போலிருக்கு."

"ஏன் அம்மிணி அப்புடித் தெரியுது?"

"அணைஞ்சுக்கோன்னு சொன்ன பொறகும் உங்க டிரான்சிஸ்டர் உடனே அணையலீங்க மாமா. உள்ள தேங்கின மின்சாரம் வெளிய போற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்குது."

அவருக்கு விளங்கவில்லை. அக்காதான் விளக்கினாள். "நீங்க ஒறம்பரை ஊட்டுல வாரேனுங்க, வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்லயே அரை மணி நேரம் பேசுவீங்களே, அதாட்டந்தான்."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. மாமாவே சிரித்துவிட்டார்.

அடுத்தது என் விளக்கு. நான் கொஞ்சம் கர்வத்தோடுதான் சுவிட்சைப் போட்டேன். விசிறி நின்றது. நூல் இருந்த இடத்தில் ஒரு கயிறு தெரிந்தது.

நாடா இல்லை, வால் இல்லை. ஆனால் நூலும் இல்லை. கிணற்றுக் கயிறு. அதுவும் ஓரமெல்லாம் பஞ்சாக.

அக்கா, "சாப்பாடு ஆறுது, வாங்க," என்றாள். மாமா கையைக் கழுவிக்கொண்டே, "நம்முளுது ரெண்டாவதுன்னாலும் உன்னுதும் மொதலு இல்லியே சாமி," என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு நான் அந்த டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட்டை, அதன் விவரமெல்லாம் போட்ட தாளை, மறுபடி படித்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. கடையில் நான் எதற்காக அதைக் கேட்டேன்? அது தாங்கக்கூடிய மின்சாரத்தின் அளவு பெரியது. எரிந்து போகாது, பத்திரமாக இருக்கும் என்று எடுத்தது. அதாவது மாமா கையில் வைத்துக் கனம் பார்த்தார். நான் காகிதத்தில் கனம் பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வகை டிரான்சிஸ்டருக்கு வாசல் போல ஒரு கால் உண்டு. அதில் மின்னூட்டம் நிரம்பினால் திறக்கும், காலியானால் மூடும். டிரான்சிஸ்டர் எவ்வளவுக்குப் பெரியதோ, அவ்வளவுக்கு அந்த வாசலில் நிரப்பவும் வேண்டும், காலி செய்யவும் வேண்டும். நானோ ஒரு பெரிய தொட்டியைக் கட்டிவிட்டு, அதைச் சோடா உறிஞ்சுகிற ஸ்டிரா வழியாக நிரப்பிக்கொண்டிருந்தேன். எடைமேடையில் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. லாரி காத்திருக்கும்.

என் விளக்கு எரிவதோ ஒரு துணுக்கு நேரம். மிச்ச நேரமெல்லாம் டிரான்சிஸ்டருக்கு ஓய்வு. சூடாகவே வழியில்லை. அப்படியிருக்க எதற்கு அவ்வளவு பெரியது? திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து நேராக பாய் கடைக்குப் போனேன். அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதன் வாசலை வேகமாக நிரப்பவும் காலி செய்யவும், அதைவிடச் சின்னதாக இன்னும் இரண்டு டிரான்சிஸ்டர்கள்.

"மாமா வரலியா?" என்று கேட்டார் பாய்.

"இதைக் காட்டினா அழுதுருவாருங்க பாய்."

மூன்றையும் ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார். தும்மினால் பறந்துவிடும் என்று பர்ஸுக்குள் வைத்து, பஸ்ஸில் பர்ஸை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் விசிறியைப் போட்டு விளக்கைக் காட்டினேன். இறக்கையின் மேல் ஒரு நூல் இருந்தது. வெறும் நூல். அதன் முறுக்குக்கூடத் தெரிந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இறக்கையில இவ்வளவு தூசா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு குமாரபாளையம். பட்டறையின் ஷட்டரை இறக்கி, ஜன்னல்களில் கோணிப்பையைத் தொங்கவிட்டு, மற்ற தறிகளை நிறுத்தி, அந்த ஒரு தறியை மட்டும் ஓடவிட்டோம். ஒற்றைத் தறியானாலும் சத்தம் காதைப் பிய்த்தது. தறியின் சுழல்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்சாரைக் கட்டினேன். ஒரு சுற்றுக்கு ஒரு மின்னல். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, மின்னுகிற கணத்தை முன்னே பின்னே நகர்த்துகிற குமிழைத் திருகினேன்.

தறி நின்றுவிட்டது. ஓடுகிற சத்தம் அப்படியே இருக்க, கண் முன்னால் இரண்டு கைகளும், நீளவாக்கில் விரிந்த பாவு நூலுக்கு நடுவில் வெட்டி வெட்டி மின்னிக்கொண்டு அசையாமல் நின்றன. குமிழைத் துளித்துளியாகத் திருக, கைகள் ஒன்றையொன்று நோக்கி மெதுவாக நகர்ந்தன. இடது கையின் கவ்வியில் நூல் இருந்தது. நூல்தான், கயிறு இல்லை. மாமா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அட சாமி!"

அப்போதுதான் அது தெரிந்தது. வலது கை ஓடிவருகிற பாதையின் ஓரத்தில், கறுப்பாக நாக்கு மாதிரி ஏதோ ஒன்று எழும்பி நின்றது. கை வரும்போது கிளம்புகிற காற்றில் அது நிமிர்கிறது. நிமிர்ந்து நூலை லேசாகத் தட்டிவிடுகிறது.

"அதென்னங்க மாமா கறுப்பா?"

"இன்சுலேசன் டேப்பு," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "அங்கெ தகடு கொஞ்சம் சொரசொரன்னு இருந்துச்சுன்னு நாந்தான் ஒட்டினேன்."

தறியை நிறுத்தினால் டேப் சமர்த்தாகப் படிந்துகொள்ளும். மெக்கானிக் நிறுத்திவைத்துத்தானே பார்த்தார். அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

மாமாவுக்கு வெட்கம். அந்த டேப்பை உடனே பிய்த்து எறிந்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். தறியோ கண் முன்னால் நிற்கிறது. அவர் கையை நீட்டிவிட்டார். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கண்ணுக்கும் தறி நின்றுதான் இருந்தது, அதனால் எனக்கும் அது தப்பாகவே படவில்லை.

அக்கா விளக்கைப் பார்க்கவில்லை, தறியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் சிவப்பு பட்டனைக் குத்தினாள். மறு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மாமா நூல்கண்டு மூட்டையின் மேல் போய் விழுந்தார். தறி இரண்டு சுற்று ஓடி நின்றது.

"ஏனுங்க! காது கேக்குதா இல்லியா உங்களுக்கு? இத்தனை சத்தம் போட்டுட்டு ஓடுது!"

மாமா தன் விரல்களை விரித்துப் பார்த்தார். எல்லாம் இருந்தன. "நின்னுச்சே..." என்றார் சின்னப் பிள்ளை மாதிரி.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான்டி. செஞ்சவளே பாத்துட்டு நிக்கிற!"

விளக்கை அணைத்துக் கீழே வைத்தேன். ஷட்டரைத் தூக்கினோம். வெயில் உள்ளே வந்ததும் மூன்று பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அக்கா டேப்பைப் பிய்த்து, சொரசொரப்பான தகட்டை உப்புத்தாளால் தேய்த்தாள். மாமா மூட்டையை விட்டு எழவே இல்லை. டீ வந்து, அதையும் குடித்த பிறகுதான் தறியை மறுபடி போட்டார்கள். சாயங்காலம் வரை துணியில் ஒரு கோடு விழவில்லை. ஆனாலும் அன்றைக்கு யாரும் கொண்டாடவில்லை.

சேலம் திரும்பியதும் விளக்கைப் பிரித்து மறுபடி கட்டினேன். இரண்டு பக்கமும் கைப்பிடி, கைப்பிடிக்கு ஒரு பட்டன். இரண்டு பட்டனையும் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தால்தான் விளக்கு மின்னும். ஒரு கையை எடுத்தால் அணைந்துவிடும். விளக்கைப் பிடிப்பவர் தறிக்குள் கை நீட்ட வழியில்லை. கூட நிற்பவர்களுக்கு என்று அக்கா ஒரு சட்டம் போட்டாள்: வேடிக்கை பார்ப்பவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பார்க்க வந்தபோது, பெரிய பெரிய முதலாளிகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல கையைக் கட்டி வரிசையாக நின்றார்கள். அக்கா பின்னால் நடந்து சரிபார்த்தாள்.

மாமா இரண்டு வாரத்தில் தேறிவிட்டார். தேறியதோடு நிற்காமல் டிரான்சிஸ்டர் வல்லுநராகவும் ஆகிவிட்டார். நான் ஒருமுறை போயிருந்தபோது, ஒரு பட்டறைக்காரரிடம் ஆட்காட்டி விரல் நகத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத்தனூண்டுதாங்க இருக்கும். பெருசா வாங்கினீங்கன்னா ஏமாந்தீங்க. எரியறதை எவன் வேணா எரிப்பான். வெசையா அணையுதான்னு கேட்டு வாங்கோணும்."

அவர் புகழ் நாமக்கல் வரைக்கும் போய்விட்டது. போன மாதம் அவருடைய சிநேகிதர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், என்னைப் பார்க்கவே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பண்ணையில் முட்டை சில நாள் விரிசலோடு விழுகிறதாம். கோழி முட்டை போடுகிற அந்தக் கணத்தை விளக்கு வைத்து நிறுத்திப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"அது அவ்வளவு வேகமா நடக்கிற காரியம் இல்லீங்களே," என்றேன். "சாதா வெளக்குலயே பாக்கலாங்க."

"சாதா வெளக்குல பாத்துட்டேனுங்க. நான் பாத்தா கோழி போட மாட்டேங்குதுங்க."

என் கணவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். இருட்டில் இந்த விளக்கு மின்னினால் கோழிகள் மிரண்டு முட்டை போடுவதையே மறந்துவிடும் என்று நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். கொண்டுவந்திருந்த முட்டை அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, இதிலே விரிசல் எதுவும் இல்லை, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஜங்ஷன் பக்கம் பஸ் ஏறப் போனார்.